ஒரே பிளாக்கில் முழு குவில்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவில்ட் என்பது மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை. அதன் மேல்துணியைப் பொதுவாக எட்டு, பத்து, பன்னிரண்டு இன்ச் பிளாக்குகளாக, அதாவது துணித் துண்டுகளை ஒட்டி உருவாக்கிய சதுர வடிவங்களாகத் தைத்து, அவற்றை வரிசை வரிசையாக இணைப்பார்கள். இந்தப் பக்கம் வேறொரு வழியைப் பற்றியது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பிளாக்கை எடுத்து, அந்த ஒன்றையே கட்டில் அகலத்துக்குப் பெரிதாக்கினால் அதுவே முழு மேல்துணி. இதைச் செய்ய நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

இதில் என்ன லாபம்?

முதலில் நேரம். கீழே விவரித்திருக்கும் 60 இன்ச் நட்சத்திரத்துக்கு மொத்தம் 14 தையல் ஓட்டினால் போதும். அதே பரப்பை 12 இன்ச் நட்சத்திரங்களால் நிரப்ப 25 பிளாக் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதே 14 தையல் என்றால் 350 ஆகிறது. பிளாக்குகளை ஒன்றோடொன்று இணைப்பது அதற்கு மேல்.

அடுத்தது துணி. ஆசையாக வாங்கிய அச்சுத் துணியில் ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பூ இருந்தால், அதை மூன்று இன்ச் சதுரங்களாக நறுக்க யாருக்கும் மனம் வராது. முப்பது இன்ச் சதுரத்தில் அந்தப் பூ முழுசாக நிற்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பெரிய துண்டுதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் தெரியாது" என்ற எண்ணம் வேண்டாம். 350 தையலில் ஒன்று கோணினால் கண்ணில் படாது. இங்கே நட்சத்திரத்துக்கு இருப்பதே எட்டு முனைகள். ஒரு முனை மழுங்கினாலும் அறை வாசலில் நிற்பவருக்கே தெரியும். ஆகவே தையலில் மிச்சமாகும் நேரத்தை வெட்டுவதிலும் இஸ்திரி போடுவதிலும் செலவழியுங்கள். இந்த வேலையின் தரம் அங்கேதான் இருக்கிறது.

இது இப்போது வந்த பாணியா?

ஒரே உருவம் குவில்ட் முழுக்க நிற்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் ஆமிஷ் என்ற எளிய வாழ்க்கை வாழும் கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி வரை தைத்த 'சென்டர் டைமண்ட்' குவில்டுகளைப் பாருங்கள். நடுவில் முனையில் நிற்கும் ஒரு பெரிய சதுரம், அதைச் சுற்றி நான்கு முக்கோணம், பிறகு ஓரப்பட்டை. அவ்வளவுதான். பூப்போட்ட துணியே கிடையாது. அடர்ந்த ஒற்றை நிறக் கம்பளித் துணிகள் மட்டும். ஆனால் அந்த வெற்றுப் பரப்பில் இறகு வளையங்களும் நட்சத்திரமுமாக அத்தனை நுணுக்கமான கைத்தையல் ஓடும். 1971இல் ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் என்ற இரு சேகரிப்பாளர்கள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் குவில்டுகளை ஓவியம்போலச் சுவரில் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்தினார்கள். குவில்டைக் கலைப்பொருளாகப் பார்க்கப் பலர் பழகியது அதற்குப் பிறகுதான்.

பிளாக்கையே பெரிதாக்குவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜீஸ் பெண்ட். அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் கறுப்பின மக்களின் சிற்றூர் அது. அங்கே 'ஹவுஸ்டாப்' என்ற பிளாக் பிரசித்தம். நடுவில் ஒரு துண்டு, அதைச் சுற்றிப் பட்டைகள், அவற்றைச் சுற்றி மேலும் பட்டைகள். சில குவில்டுகளில் இது பல தடவை வரும். வேறு சிலவற்றில் ஒரே ஹவுஸ்டாப் வளர்ந்து வளர்ந்து நான்கு விளிம்பையும் தொட்டுவிடும். பழைய வேலை உடுப்பு, டெனிம், கார்டுராய் என்று கையில் இருந்ததில் தைத்தவை இவை. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி தொடங்கி, 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் இந்தக் குவில்டுகள் இடம்பெற்றன. லக்கோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் எட்டு முனை விடிவெள்ளிக் குவில்டும் ஒற்றை நட்சத்திரம்தான். மரியாதை செய்ய வேண்டியவரின் தோளில் அதைப் போர்த்துவார்கள்.

துணியை விட்டு மரத்துக்கும் போயிருக்கிறது இந்த யோசனை. ஓஹாயோ மாநிலத்தின் ஆடம்ஸ் கவுண்டியில் டோனா சூ குரோவ்ஸ் என்பவர் குவில்ட் தைக்கும் தன் தாயைக் கௌரவிக்க நினைத்துத் தொடங்கிய முயற்சியால், 2001இல் ஒரு களஞ்சியச் சுவரில் 'ஓஹாயோ ஸ்டார்' பிளாக் பிரம்மாண்டமாக வரையப்பட்டது. இன்று அமெரிக்கக் கிராமப்புறச் சாலைகளில் இப்படி ஒற்றை பிளாக் தாங்கிய களஞ்சியங்களை நிறையப் பார்க்கலாம்.

எந்த பிளாக்கைத் தேர்ந்தெடுப்பது?

எட்டடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் உருவம் புரிய வேண்டும். சின்ன அளவில் அழகாக இருக்கும் சில பிளாக்குகள் பெரிதானதும் வெறும் முக்கோணக் கூட்டமாகிவிடும்.

என் முதல் தேர்வு 'ஸாடூத் ஸ்டார்'. நான்குக்கு நான்கு கட்டம். நடுவில் நான்கு கட்டம் சேர்ந்த ஒரு சதுரம், நான்கு மூலையிலும் ஒரு கட்டச் சதுரம், பக்கங்களில் 'ஃப்ளையிங் கீஸ்' என்ற செவ்வகத் துண்டு நான்கு (ஒரு பெரிய முக்கோணம், அதன் இருபுறமும் ஒரு சின்ன முக்கோணம்). நடுச் சதுரம் அகலமாக இருப்பதால் பிடித்த துணியைக் காட்டலாம். ஓஹாயோ ஸ்டாரும் அழகுதான், ஆனால் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் நடுச் சதுரம் சிறுத்துவிடும். அதன் பக்கத் துண்டுகளில் நான்கு முக்கோணங்கள் ஒரே புள்ளியில் சந்திப்பதால், அந்த நான்கு சந்திப்பும் சரியாக அமைய வேண்டும்.

கூர்முனையே வேண்டாம் என்பவர்கள் 'சர்ன் டாஷ்' செய்யலாம். நான்கு மூலையில் அரைச் சதுர முக்கோணம், பக்கங்களில் இரட்டைப் பட்டை, நடுவில் சதுரம். பயமே இல்லாமல் தைக்கலாம். கணக்கும் வேண்டாம் என்றால் ஹவுஸ்டாப். நடுத்துண்டிலிருந்து பட்டையாகச் சேர்த்துக்கொண்டே போய், போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய பிளாக்கின் வெட்டும் அளவை அப்படியே பெருக்கினால் போதாதா?

போதாது. இந்த வேலையில் துணி வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வெட்டும் அளவு வேறு, தைத்து முடிந்தபின் தெரியும் அளவு வேறு. இரண்டுக்கும் நடுவே நிற்பது தையலுக்கு விடும் கால் இன்ச். பிளாக் 8 இன்ச்சாக இருந்தாலும் 80 இன்ச்சாக இருந்தாலும் அந்தக் கால் இன்ச் மாறாது. வெட்டும் அளவைப் பெருக்கினால் அதையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறோம்.

உதாரணம்: 8 இன்ச் ஸாடூத் ஸ்டாரில் நடுச் சதுரத்தை 4 1/2 இன்ச்சாக வெட்டுவோம். பக்க முக்கோணங்களுக்கான பெரிய சதுரம் 5 1/4. இதை 60 இன்ச் ஆக்க ஏழரையால் பெருக்கினால் நடுச் சதுரம் 33 3/4, தைத்தபின் 33 1/4. பெரிய சதுரமோ 39 3/8. அதிலிருந்து வரும் முக்கோணத்தின் அடி தைத்தபின் 38 1/8. பக்கத்துப் பக்கம் பொருந்த வேண்டிய இரண்டு துண்டுகளுக்கு நடுவே கிட்டத்தட்ட 5 இன்ச் வித்தியாசம்! இழுத்துப் பிடித்துத் தைக்கிற வித்தியாசமா இது?

சரியான வழி எளிது. வேண்டிய மொத்த அளவைக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு கட்டத்தின் முடிந்த அளவைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டின் முடிந்த அளவோடு அதற்குரிய தையல் அளவைக் கூட்டுங்கள். சதுரம், செவ்வகம் என்றால் 1/2 இன்ச். மூலைவாக்கில் ஒரு தடவை வெட்டி இரண்டு முக்கோணமாகும் சதுரம் என்றால் 7/8 இன்ச். நான்கு முக்கோணமாகும் சதுரம் என்றால் 1 1/4 இன்ச். சரிந்த விளிம்பிலும் கால் இன்ச் விட வேண்டியிருப்பதால்தான் முக்கோணத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மொத்த அளவு, கட்ட எண்ணிக்கையால் மீதியின்றி வகுபடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு கட்ட பிளாக்குக்கு 60 அல்லது 72, மூன்று கட்டத்துக்கு 54 அல்லது 72, ஏழு கட்ட 'பேர்ஸ் பா'வுக்கு 70.

60 இன்ச் ஸாடூத் ஸ்டாருக்கு என்ன வெட்ட வேண்டும்?

ஒரு கட்டம் 15 இன்ச். ஆகவே,

நடுத்துணியில் 30 1/2 இன்ச் சதுரம் ஒன்று.
முனைத்துணியில் 15 7/8 இன்ச் சதுரம் நான்கு.
பின்னணித் துணியில் 31 1/4 இன்ச் சதுரம் ஒன்று, 15 1/2 இன்ச் சதுரம் நான்கு.

பத்தே துண்டுகள். குழந்தைக்கு 36 இன்ச்சில் வேண்டுமானால் கட்டம் 9 இன்ச் ஆகும்: நடு 18 1/2, முனை 9 7/8, பின்னணி 19 1/4 ஒன்றும் 9 1/2 நான்கும். 72 இன்ச் என்றால் 36 1/2, 18 7/8, 37 1/4, 18 1/2.

எத்தனை மீட்டர் துணி வாங்க?

60 இன்ச் அளவை நான் பரிந்துரைக்க ஒரு காரணம் இதுதான்: எந்தத் துண்டும் 32 இன்ச்சைத் தாண்டாது. 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) மட்டுமல்ல, 36 இன்ச் பன்னா பாப்ளினில்கூட வெட்டிவிடலாம். பின்னணிக்கு 1 3/4 மீட்டர், முனைகளுக்கு 1 மீட்டர், நடுவுக்கு 1 மீட்டர். துவைத்ததும் சுருங்கும் அளவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

72 இன்ச்சுக்குக் கண்டிப்பாக 44 இன்ச் பன்னா வேண்டும். கரைகளை நீக்கினால் கையில் நிற்பது சுமார் 42 இன்ச்தான். அதைவிடப் பெரிய துண்டு தேவைப்பட்டால் துணியை ஒட்டுப்போட்டு அகலமாக்கிக்கொள்ளலாம், தவறில்லை. ஒட்டு துண்டின் நடுவில் நேராக வரட்டும். ஓரத்தில் எங்கோ வந்தால் துணி போதவில்லை என்று சொல்வதுபோல இருக்கும்.

வாங்கிய துணியை வெட்டுவதற்கு முன் துவைத்துவிடுங்கள். அடர் சிவப்பு, நீலம், கறுப்பு இவற்றைத் தனித்தனியாக. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நட்சத்திரம் தைத்து முடித்தபின் சாயம் இறங்கினால் ஒன்றும் செய்வதற்கில்லை.

இவ்வளவு பெரிய சதுரத்தை எப்படி நேராக வெட்டுவது?

குவில்டிங் அளவுகோல்களில் பலரிடமும் இருப்பது 6க்கு 24 இன்ச். 31 இன்ச் சதுரத்துக்கு அது எட்டாது. துணியை இழை பார்த்து நேராக இரண்டாக மடித்து வெட்டலாம். ஆனால் மடிப்பு அரை இன்ச் நகர்ந்திருந்தாலும் விரித்ததும் பக்கம் வளைந்து நிற்கும். அதனால் நான் சொல்லும் வழி காகித மாதிரி. சார்ட் பேப்பர்களைப் போதிய அளவுக்கு ஒட்டி, தேவையான சதுரத்தை வரைந்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் அது சதுரம். 31 1/4 இன்ச் சதுரத்துக்கு மூலைவிட்டம் 44 இன்ச்சைக் கொஞ்சம் தாண்டும். அந்த மாதிரியைத் துணிமேல் வைத்து, சாக்கால் கோடு போட்டு, நல்ல கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ரோட்டரி கட்டர் (துணி வெட்டும் சக்கரக் கத்தி) இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

முக்கோணத்தைத் தைக்கும்போது துணி இழுபட்டு அலைஅலையாகிவிடுகிறதே?

அது கிராஸ். இழைக்குக் குறுக்கே மூலைவாக்கில் போகும் விளிம்பு எப்போதும் இழுபடும். சின்ன பிளாக்கில் அது மூன்று இன்ச் நீளம், கவனிக்க வேண்டியதே இல்லை. இங்கே 44 இன்ச் நீளத்துக்கு ஓடுகிறது. ஒரே பிளாக் வேலையில் உண்மையான சிரமம் என்றால் இதுதான்.

வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போடுங்கள். வீட்டில் வடித்த சோற்றுக் கஞ்சியைக் கட்டியில்லாமல் வடிகட்டிப் போட்டாலும் சரி, ஸ்ப்ரே வாங்கினாலும் சரி. காகிதம் மாதிரி விறைப்பாக நின்றால் பாதி வேலை முடிந்தது. (தைத்து முடித்ததும் கஞ்சி போக அலசிவிடுங்கள், கஞ்சியோடு மடித்து வைத்தால் பூச்சி வரும்.)

அடுத்தது, முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள். முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். அடுத்த கேள்வியில் உள்ள முறை அதற்காகத்தான். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், தூக்கித் தூக்கி வையுங்கள். தைக்கும்போது மிஷினின் இடப்பக்கமும் பின்பக்கமும் ஒரு மேசையோ இரண்டு நாற்காலியோ போட்டுத் துணியின் எடையைத் தாங்கவிடுங்கள். தரைக்குத் தொங்கும் துணி தன் எடையாலேயே கிராஸை இழுத்துவிடும்.

நான்கு ஃப்ளையிங் கீஸையும் ஒன்றாகத் தைக்கும் முறையைச் சொல்லுங்களேன்.

31 1/4 இன்ச் பின்னணிச் சதுரத்தின் நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். முனைத்துணிச் சதுரங்கள் இரண்டை, நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி, எதிரெதிர் மூலைகளில் பொருத்துங்கள். நடுவில் இரண்டும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அது அப்படித்தான் வர வேண்டும். இரண்டு சதுரத்தின் குறுக்கேயும் மூலைக்கு மூலை ஒரே கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டின்மேல் வெட்டுங்கள்.

இப்போது இரண்டு துண்டு. சின்ன முக்கோணங்களை வெளிப்பக்கம் மடித்து இஸ்திரி போட்டால் ஒவ்வொன்றும் இதய வடிவில் இருக்கும். ஒவ்வொன்றின் அடியில் எஞ்சிய மூலையில் மீதமுள்ள சதுரங்களில் ஒன்றை வைத்து, மூலையிலிருந்து இரண்டு முக்கோணங்களும் சந்திக்கும் பள்ளத்தை நோக்கிக் கோடு போட்டு, மறுபடி இருபுறமும் தைத்து வெட்டுங்கள். நான்கு ஃப்ளையிங் கீஸ் தயார், ஒவ்வொன்றும் 30 1/2க்கு 15 1/2 இன்ச்.

முதல் தடவை தைப்பவர்கள் பெரிய சதுரத்தை 32, சின்னதை 16 1/2 இன்ச்சாக வெட்டிக்கொண்டு, கடைசியில் காகித மாதிரி வைத்து 30 1/2க்கு 15 1/2 ஆகச் சீர்செய்வது நல்லது. துணியும் அதே மீட்டருக்குள் அடங்கிவிடும், மனமும் பதறாது.

நட்சத்திர முனை மழுங்காமல் இருக்க?

சீர்செய்யும்போது பெரிய முக்கோணத்தின் உச்சிக்கு மேலே சரியாகக் கால் இன்ச் துணி இருக்க வேண்டும். விளிம்போடு ஒட்டி வெட்டினால் அடுத்த தையல் உச்சியைத் தின்றுவிடும். இணைக்கும்போது ஃப்ளையிங் கீஸ் மேலே தெரியும்படி வைத்துத் தையுங்கள். இரண்டு தையல்கள் குறுக்கிடும் புள்ளி கண்ணுக்குத் தெரியும். அந்தப் புள்ளியை ஒரு நூல் அளவு தாண்டி ஊசி போனால் முனை கூர்மையாக வரும். குண்டூசியை முதலில் இரு முனைகளிலும் பிறகு நடுவிலும் குத்துங்கள், அப்புறம் இடைவெளிகளில்.

மூன்று வரிசையாகத் தைத்து, வரிசைகளை இணைத்தால் மேல்துணி முடிந்தது. தையல் மடிப்புகளை ஃப்ளையிங் கீஸிலிருந்து விலக்கி, சதுரங்களின் பக்கம் திருப்பி இஸ்திரி போட்டால் சந்திப்புகள் தடிக்காமல் படியும்.

பிளாக் சதுரம், கட்டில் செவ்வகம். என்ன செய்வது?

ஆறுக்கு மூன்றடிக் கட்டிலை எடுத்துக்கொள்வோம். 60 இன்ச் அகலம் போட்டால் இரு பக்கமும் 12 இன்ச் தொங்கும், நன்றாக இருக்கும். நீளத்துக்குத்தான் போதாது. மேலேயும் கீழேயும் பின்னணித் துணியில் ஒரு கட்ட அகலத்துக்கு, அதாவது 15 இன்ச்சுக்குப் பட்டை சேருங்கள். வெட்டும் அளவு 60 1/2க்கு 15 1/2, இரண்டு. மொத்தம் 60க்கு 90. நான்கு பக்கமும் ஓரப்பட்டை போட்டு நட்சத்திரத்தைச் சட்டத்துக்குள் அடைப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது. பின்னணி தடையில்லாமல் ஓடும், அளவுகளும் ஒன்றோடொன்று இசையும். இரண்டு பட்டையையும் ஒரே பக்கம் சேர்த்து நட்சத்திரத்தைக் கால்மாட்டுக்குத் தள்ளினாலும் அழகுதான். பின்னணித் துணி இதற்கு மொத்தம் 3 1/2 மீட்டர் வாங்க வேண்டும்.

அடித்துணிக்குச் சேலை பயன்படுத்தலாமா?

தாராளமாக. 60க்கு 90 குவில்டுக்கு அடித்துணி சுற்றிலும் நான்கு இன்ச் கூடுதலாக, 68க்கு 98 இன்ச் வேண்டும். ஐந்தரை மீட்டர் காட்டன் சேலை என்றால் சுமார் 216 இன்ச் நீளம், 45 இன்ச் அகலம். 98 இன்ச்சில் இரண்டு துண்டு எடுத்து நீளவாக்கில் இணைத்தால் தாராளமாகப் போதும். துவைத்துத் துவைத்து மென்மையான, ஆனால் இழை நைந்துபோகாத சேலையாக இருக்கட்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மடிப்புக் கோடுகளில் இழை விலகியிருந்தால் வேண்டாம். கெட்டிச் சரிகை உள்ள பகுதியையும் தவிர்த்துவிடுங்கள், ஊசி மாட்டும்.

முப்பது இன்ச் வெற்றிடத்தில் எப்படிக் குவில்ட் செய்வது?

மேல்துணி, நடுவில் வாடிங் என்ற பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் வெறும் அலங்காரமல்ல. இடைவெளி அதிகமானால் துவைக்கும்போது வாடிங் நகர்ந்து கட்டிகட்டியாகிவிடும். எத்தனை இன்ச்சுக்கு ஒரு தையல் வேண்டும் என்று வாடிங் உறையில் போட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு 4 இன்ச், சிலவற்றுக்கு 8, 10 இன்ச். நல்ல வாடிங்காக இருந்தாலும் 3 அல்லது 4 இன்ச்சுக்கு ஒரு வரி ஓட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

வீட்டு மிஷினில் வாக்கிங் ஃபுட் (அடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் பாதம்) மாட்டி, நட்சத்திரத்தின் வெளிக்கோட்டை ஒட்டி ஒரு வரி, அதிலிருந்து மூன்று இன்ச் தள்ளி இன்னொன்று என்று உள்ளேயும் வெளியேயும் பரவவிடலாம். கைத்தையல் தெரிந்தவர்களுக்கு இந்த வெற்றிடம் ஒரு வரம். ஆமிஷ் பெண்கள் செய்ததுபோல நடுச் சதுரத்தில் ஒரு பெரிய வளையத்தை வரைந்து, சின்னச் சின்ன ஓட்டுத் தையலில் நிரப்பலாம். அப்படிச் செய்யப்போகிறீர்கள் என்றால் நடுவுக்கு ஒற்றை நிறத் துணியே எடுங்கள். அச்சுத் துணியில் தையல் தெரியாமல் அத்தனை உழைப்பும் மறைந்துவிடும்.

எதைச் செய்தாலும் முதலில் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒரு ஊக்கு போட்டு மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். தையல் நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகட்டும்.

விளிம்புப் பட்டிக்குத் தனியாகத் துணி வாங்க வேண்டுமா?

44 இன்ச் பன்னாவில் வெட்டியிருந்தால் வேண்டாம். ஒவ்வொரு பெரிய துண்டின் பக்கத்திலும் சுமார் 10 இன்ச் அகலத்துக்குத் துணி மீந்திருக்கும். அதில் இரண்டரை இன்ச் பட்டைகள் நான்கு கிடைக்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 31 இன்ச் நீளம். 60க்கு 90 குவில்டின் சுற்றளவு 300 இன்ச், மூலைகளுக்கும் முடிப்புக்கும் சேர்த்து 312 வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியிலிருந்து எட்டுப் பட்டை, முனைத்துணியிலிருந்து நான்கு, ஆகப் பன்னிரண்டு பட்டைகளைச் சரிவாக இணைத்தால் இணைப்பில் போனது போக சுமார் 345 இன்ச் வரும். இரண்டு நிறமும் மாறி மாறி விளிம்பில் ஓடுவது பார்க்கவும் நன்றாக இருக்கும். 36 இன்ச் பன்னாவில் வெட்டியவர்கள் மட்டும் பட்டிக்கென்று அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.